18,536 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னையில் எங்கே தங்குவது?

போன மாதம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் படித்த கல்லூரிதான், எனக்குப் பத்து வருடம் ஜூனியர். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை முடித்துவிட்டு, சென்னையில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றில் சமூகப் பணியாளர் வேலைக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறாள். குதூகலமாகத்தான் பேச ஆரம்பித்தாள். இரண்டாவது நிமிடத்திலேயே, "அக்கா, அங்க வந்து எங்கக்கா தங்க?" என்று குரல் இறங்கிவிட்டது.

அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன். சமூகப் பணி, மனநல ஆலோசனை, போதை மீட்பு, காப்பகம் என்று இந்தத் துறைக்குச் சென்னை வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்விதான் இது. பதின்மூன்று வருடத்தில் நான் ஆறு இடம் மாறியிருக்கிறேன். கீழே வருபவற்றில் பாதிக்கு மேல் நானே தங்கிப் பார்த்தவை.

முதலில் கணக்கு. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில்தான் இந்த அலகுகள் நடக்கின்றன. அதில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் (கவுன்சலர்தான்) மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. தெருத் தெருவாக அலையும் புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. தொகுப்பூதியம் என்றால் அந்தத் தொகையோடு சரி, வீட்டு வாடகைப்படி என்று தனியாக எதுவும் வராது. அரசு ஊழியருக்கு உள்ள வாடகைக் குடியிருப்புக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேரும் கவுன்சலர் வாங்குவதும் பெரும்பாலும் இதை ஒட்டிய தொகைதான்.

வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகையை முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். 18,536-க்கு அது ஆறாயிரத்துச் சொச்சம். சென்னையில் இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும்? ஹாஸ்டலில் சாப்பாட்டோடு ஒரு கட்டில், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் பாதி. தனியாக ஒரு முழு வீடு, அதுவும் நகரத்துக்குள் என்பதை மறந்துவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. 18,536-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 2,22,432 ரூபாய். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். வருமானத்தை மட்டும் பார்த்தால் நாமும் அதே கட்டத்துக்குள்தான் இருக்கிறோம்.

சரி, இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

தனியார் லேடீஸ் ஹாஸ்டல்

வந்து இறங்கியதும் எல்லாரும் போவது இங்கேதான். நானும் போனேன். நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோவில் பாதி, காலையும் இரவும் சாப்பாடு. இப்போது விசாரித்தால் ஃபோர் ஷேரிங் ஆறாயிரம், ஏழாயிரம் என்கிறார்கள். அண்ணா நகர், அடையாறு போன்ற இடங்களில் கூடவே கேட்கிறார்கள். அட்வான்ஸ் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். கையில் பத்தாயிரத்தோடு ரயில் ஏறி வருகிறவளுக்கு இதைவிட்டால் வேறு கதி இல்லை. இந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வாடகையில் தெரியாத செலவு ஒன்று இதில் இருக்கிறது. எனக்கு அது சேர்ந்த மூன்றாவது மாதம் புரிந்தது. இரவு பத்து மணிக்கு, ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண் போன் செய்தாள். கணவன் அடித்து வெளியே தள்ளிவிட்டான், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். அறையில் என்னைத் தவிர மூன்று பேர். ஒருத்தி வீடியோ பார்க்கிறாள், ஒருத்தி தூங்கிவிட்டாள், இன்னொருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்ணின் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஆறுதல் சொல்ல எனக்கு அங்கே இடமில்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன். துணிக்கொடிகளுக்கு நடுவில், சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினேன். தொட்டி நிரம்பி என் தலையில் வழிந்தபோதுதான் மோட்டாரை யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தத் தொட்டியடிதான் என் அலுவலகம்.

பேச வந்தவரின் ரகசியத்தைக் காப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். கதவைச் சாத்திக்கொள்ள முடியாத இடத்தில் அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பகல் முழுக்க அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அரைமணி நேரமாவது யாரும் எதுவும் கேட்காமல் உட்கார வேண்டும். ஐ.டி. கம்பெனிப் பெண்ணுக்கு அது வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது இல்லாவிட்டால் மறுநாள் எதிரில் உட்காரும் ஆள் சொல்வது காதில் ஏறாது.

கேட் பிரச்சினை வேறு. ஒன்பதரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை வீட்டைவிட்டு வந்த ஒரு சிறுமியைக் காவல் நிலையத்திலிருந்து அழைத்துப்போய்க் காப்பகத்தில் சேர்த்துவிட்டு வர மணி பதினொன்றே கால் ஆகிவிட்டது. வார்டன் கேட்டைத் திறக்கவில்லை. "இந்த நேரத்துக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இங்க இடம் இல்ல" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு குழந்தைக்குப் படுக்க இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவள், தோழி வீட்டு ஹாலில் போய்ப் படுத்தேன்.

ஆகவே ஹாஸ்டலில் சேருமுன் வேலையின் தன்மையைச் சொல்லி, மாதத்தில் இரண்டு மூன்று நாள் தாமதமாக வருவேன், அலுவலகக் கடிதம் தருகிறேன் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். ஒத்துக்கொள்ளாத இடத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சேரக் கூடாது. இன்னொன்று: பெண்கள் விடுதிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அந்தச் சட்டத்தைச் சொல்லும் நாமே, தங்கப் போகும் இடத்தில் உரிமம் எங்கே என்று கேட்பதில்லை. கேளுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால் அதையும் கேளுங்கள். மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாள் தங்கல் என்றால் வரிவிலக்கு உண்டு என்று 2024-இல் முடிவாகிவிட்டது.

அரசு விடுதிகள்

தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகளைப் பற்றி எங்கள் துறைப் பெண்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பணிபுரியும் மகளிருக்கென்று அரசு ஒரு தனி நிறுவனமே வைத்து நடத்துகிறது. சென்னையைச் சுற்றித் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன, வெளி மாவட்டங்களிலும் இருக்கின்றன. விரல்ரேகை வைத்து உள்ளே போவது, இரவு பகல் காவல், வைஃபை, துணி துவைக்க இயந்திரம் என்று வசதிகளில் குறை சொல்ல முடியாது. முக்கியமாக, நம் வேலை என்ன என்று விளக்கும்போது அந்தப் பக்கம் இருப்பவர் முகம் சுளிப்பதில்லை. இண்டர்வியூவுக்கு வருபவர்கள் சில நாள் மட்டும் தங்கவும் இது உதவும்.

மத்திய அரசு உதவியில் கட்டிய மகளிர் விடுதிகள் தனி. இப்போது 'சகி நிவாஸ்' என்று பெயர். இவற்றில் எனக்குப் பிடித்தது கட்டணம் போடும் முறை. ஒருவர் அறைக்குச் சம்பளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, இருவர் அறைக்கு 10, பலர் தங்கும் கூடத்துக்கு 7.5 சதவீதம். 18,536 ரூபாய்க்காரிக்குத் தனி அறையே 2,780 ரூபாய்தான். சாப்பாடு தனி. பெருநகரத்தில் மாதச் சம்பளம் 50,000-க்குள் இருக்க வேண்டும், அந்தக் கவலை நமக்கு இல்லை. பொதுவாக மூன்று வருடம் வரை தங்கலாம். வாடகையை ஊர் நிலவரத்தில் தொடங்காமல் சம்பளத்தில் தொடங்கும் விதி வேறு எங்கேயும் என் கண்ணில் பட்டதில்லை.

குறை என்ன? இடம் கிடைப்பதுதான். ஆர்டர் கையில் வந்த அன்றைக்கே விண்ணப்பிக்க வேண்டும், வேலையில் சேர்ந்த பிறகு என்றால் காத்திருப்புதான். அப்புறம், விடுதி இருக்கும் இடமும் நம் வேலை இருக்கும் இடமும் பொருந்த வேண்டும். கூடுவாஞ்சேரியில் தங்கி ஆவடியில் வேலை பார்ப்பது என்றால், ரயில் மாறி ரயில் ஏறி, போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம்.

ஆண்களுக்குத் தோழி மாதிரி ஒன்று கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு அறை, பக்கத்தில் மெஸ் என்பதுதான் இன்றும் பையன்களின் தொடக்கம். அறைக்குக் கதவு இருக்கிறது, இரவு எப்போது வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். மூட்டைப்பூச்சியை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். செலவு 706.50 கோடி ரூபாய். நல்ல காரியம், அந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டும். முதலீடு வருகிறது, ஆள் தங்க இடம் இல்லாவிட்டால் தொழிற்சாலை ஓடாது என்று அரசுக்குத் தெரிகிறது. தங்க இடம் இல்லாமல் கவுன்சலர் ஊருக்குத் திரும்பிப் போனால் நின்றுபோவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதனால் அதற்கு யாரும் கட்டடம் கட்டுவதில்லை.

வேலை செய்யும் இல்லத்திலேயே தங்குவது

தங்குமிடம், உணவு இலவசம் என்று விளம்பரத்தில் பார்த்ததும் ஆசை வரும். காப்பகங்கள், மறுவாழ்வு இல்லங்கள், போதை மீட்பு மையங்களில் இப்படி வேலைகள் உண்டு. நானும் ஒன்றரை வருடம் ஒரு இல்லத்தில் இருந்தேன். மாதம் பதினோராயிரம் மிச்சம் பிடித்தேன். அக்கா கல்யாணக் கடனை அடைத்தது அந்தப் பணத்தில்தான், ஆகவே நன்றி இல்லாமல் பேச மாட்டேன்.

என் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஒருத்திக்கு வலிப்பு, ஒருத்திக்குக் கெட்ட கனவு, இன்னொருத்திக்கு ஒன்றுமே இல்லை, நான் இருக்கிறேனா என்று பார்க்க வந்திருப்பாள். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கொடுத்து அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு என்று தாளில் இருந்தது. கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஆளுக்கு என்ன விடுப்பு? "அக்கா இருக்காங்கல்ல" என்று எல்லாரும் என்னிடமே வந்தார்கள். கடைசி மாதங்களில் ஞாயிறு காலை குளித்துவிட்டுப் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போய் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டு மத்தியானம் திரும்புவேன். எந்த ரயிலிலும் ஏறியதில்லை.

வேலை போனால் அதே நாளில் வீடும் போகும் என்பது இதில் இன்னொரு வினை. நிர்வாகத்தோடு ஒரு கருத்து வேறுபாடு வந்தால் வாய் திறக்கப் பயமாக இருக்கும், ஏனென்றால் பெட்டி படுக்கை அவர்கள் கூரைக்குக் கீழே இருக்கிறது. கடன் அடைக்கவோ அட்வான்ஸ் சேர்க்கவோ ஒரு வருடம் இருக்கலாம். போகும்போதே எந்த மாதம் வெளியே வருவது என்று மனதில் குறித்துக்கொண்டு போக வேண்டும். நான் குறிக்கவில்லை, ஆறு மாதம் கூடுதலாகக் கிடந்தேன்.

ரயில் பாதையோரம் பங்கு வீடு

இப்போது நான் இருப்பது இதில். என் பரிந்துரையும் இதுதான், உடனே இல்லாவிட்டாலும்.

சென்னையில் புறநகர் ரயில் இருக்கும் வரை, ஆறாயிரத்துக்குள் கதவு உள்ள அறை கிடைக்கும். மேற்கே ஆவடி தாண்டி பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. இந்தப் பக்கங்களில் ஒற்றைப் படுக்கையறை வீடு எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று அகப்படும். இரண்டு பேர் சேர்ந்தால் ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. ஒருத்தி படுக்கையறையை எடுத்துக்கொண்டால் இன்னொருத்தி ஹாலை எடுத்துக்கொள்வாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஹாலில் இருப்பவளுக்கு ஐந்நூறு ரூபாய் குறைவு என்று நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம்.

இதில் கஷ்டம் மாதாமாதம் வராது, முதல் நாளில் மொத்தமாக வரும். வாடகை 9,000 என்று வையுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் 45,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 9,000, முதல் மாத வாடகை 9,000. மொத்தம் 63,000, ஆளுக்கு 31,500. ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். இத்தனைக்கும் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது. வீட்டுக்காரரிடம் அந்தச் சட்டத்தை எடுத்து நீட்டினால் வீடு கிடைக்காது. "சார், மூணு மாசம்னுதானே சட்டம் சொல்லுது, நாலா வெச்சுக்கலாமா" என்று இறங்கிப் பேசினால் சில இடங்களில் வேலை செய்கிறது. எனக்கு ஒருமுறை செய்தது. புரோக்கரைத் தவிர்க்க ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக நடந்து டு-லெட் போர்டு பார்ப்பதுதான் வழி. களப்பணி செய்து பழகிய கால்தானே.

வீட்டுக்காரர் நடத்தும் நேர்முகத் தேர்வுக்கும் தயாராக இருங்கள். வில்லிவாக்கம் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். திண்ணை மாதிரி ஒரு வராந்தா, ஈஸி சேரில் பெரியவர். கல்யாணம் ஆகிவிட்டதா, அசைவம் சமைப்பீர்களா, "நீங்க என்ன ஆளுங்க" எல்லாம் வரிசையாக முடிந்தது. பிறகு,

"எங்க வேலை?"

"மனநல ஆலோசகர் சார். கவுன்சலிங்."

"எந்த இடம்?"

"கீழ்ப்பாக்கம் பக்கம்."

அவ்வளவுதான். பெரியவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். 1794-இல் தொடங்கி, 1871 முதல் அந்த இடத்தில் இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பேரை நம் ஆட்கள் வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருப்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் அங்கே வேலை பார்க்கவில்லை, பக்கத்துத் தெருவில்தான் எங்கள் மையம். "அவங்கள்லாம் வீடு தேடி வருவாங்களாம்மா?" என்று கேட்டார். வர மாட்டார்கள், முகவரி யாருக்கும் தருவதில்லை என்று சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வீட்டில் "டிரஸ்ட்டுல வேலை" என்றேன், கிடைத்துவிட்டது. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. களங்கத்தை ஒழிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பேசுகிற நான் அதைச் செய்தேன். சங்கடமாகத்தான் இருந்தது. சாவி கையில் வந்தபோது சங்கடம் குறைந்தது.

போக்குவரத்து இந்தக் கணக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. ரயில் சீசன் டிக்கெட் பெரிய செலவில்லை. பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. ஆகவே ஸ்டேஷனிலிருந்து வேலையிடம் போகும் பஸ் செலவு எனக்குப் பெரும்பாலும் பூஜ்யம். ஆவடியில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கி பஸ் பிடித்தால் மையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவேன். அந்த ரயில் நேரத்தைப் பலர் நஷ்டமாகச் சொல்வார்கள். மாலையில் கொரட்டூர் தாண்டியதும் அன்றைக்குக் கேட்ட கதைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவது எனக்குத் தெரியும். ஆவடியில் இறங்கும்போது வெண்டைக்காய் என்ன விலை என்ற நினைப்பு வந்துவிடும். இல்லத்தில் மாடிப்படிக்குக் கீழே தங்கியிருந்தபோது எனக்குக் கிடைக்காதது இதுதான்.

தூரத்தில் இருப்பதில் இன்னொரு லாபம், நம்மிடம் ஆலோசனைக்கு வருபவர்களை மளிகைக் கடையில் சந்திக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் அது நிம்மதி. கடைக்காரர் முன்னால் "மேடம், மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஒருவர் சொல்ல நேர்ந்தால் நாளைக்கு அந்தத் தெருவில் அவர் எப்படி நடப்பார்?

மின்சாரத்தை மறக்காமல் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வரும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கும் வீடுகளில் அது வீட்டுக்காரருக்குப் போகும். வாடகையில் ஐந்நூறு குறைத்துச் சொல்லி இதில் எடுத்துவிடுவார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது. பங்கு வீடு என்றால் இரண்டு பேர் பெயரும் அதில் இருக்க வேண்டும். என் முதல் பங்கு வீட்டில் என் பெயர் இல்லை. கூட இருந்தவள் கல்யாணம் ஆகிப் போனபோது அட்வான்ஸ் அவளோடு போயிற்று. திருப்பி வாங்க எட்டு மாதம் ஆனது, நட்பும் போய்விட்டது.

லீஸ், வாரிய வீடு

லீஸுக்கு வீடு, அதாவது ஊரில் ஒத்தி, போக்கியம் என்பார்களே, அது. ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கையில் பணம் இருப்பவர்களுக்கு லாபம். நகையை வைத்து 10 சதவீத வட்டிக்கு வாங்கி லீஸ் பிடித்தால், வட்டியே மாதம் நாலாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும், அது பங்கு வீட்டு வாடகை. அதோடு வீடு வங்கிக் கடனில் இருக்கலாம். இடைத்தரகன் உரிமையாளருக்கு மாத வாடகை என்று சொல்லி வீட்டை எடுத்து, உங்களிடம் லீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடலாம். உரிமையாளர் முகத்தைப் பார்க்காமல், வில்லங்கச் சான்று எடுக்காமல் ஒரு ரூபாய் நீட்டக் கூடாது. 18,536 ரூபாய்க்காரிக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பக்கம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகள் மூவாயிரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் என்று யாராவது காதில் போடுவார்கள். அவை ஒதுக்கீடு பெற்ற குடும்பத்துக்கு மட்டும் உரியவை, வாடகைக்கு விடக் கூடாது. சோதனை வந்தால் ஒதுக்கீடு ரத்தாகி, போவது அந்தக் குடும்பத்தின் வீடு. ஏற்கெனவே ஒருமுறை நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்து எடுத்துவந்து நட்ட குடும்பம். அவர்களுக்காக வேலை பார்க்கிற நாம் அதில் கை வைக்கக் கூடாது.

சென்னையே வேண்டாம் என்றால்?

அந்தத் தென்காசிப் பெண்ணிடம் இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் கேட்டேன். சென்னையில் 18,536, தென்காசியிலும் 18,536. குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டமும் அப்படித்தான். தென்காசியில் அப்பா வீட்டிலிருந்து போய்வந்தால் வாடகையே இல்லை. தனியாக வீடு எடுத்தாலும் நாலாயிரத்துக்குத் திண்ணையோடு கிடைக்கும். பணக்கணக்கு மட்டும் என்றால் மேலே எழுதியது எதுவுமே இதற்கு முன் நிற்காது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா வீட்ல இருந்தா ஆறு மாசத்துல கல்யாணம் பேசிருவாவக்கா" என்றாள். சரி, அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. தவிர, பெரிய மருத்துவமனைகள், பயிற்சிகள், மேற்பார்வை செய்து கற்றுக்கொடுக்கும் மூத்தவர்கள் சென்னையில்தான் அதிகம். முதல் மூன்று வருடத்தில் கற்பது பிறகு எங்கே போனாலும் கூட வரும். அதற்காக வருகிறேன் என்றால் நியாயம்தான். மூன்று வருடம் கழித்து மாவட்டத்துக்குத் திரும்புவதைத் தோல்வியாக நினைக்காதே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம் இது. இப்போதே தோழியிலும் சகி நிவாஸிலும் விண்ணப்பித்துவிட வேண்டும். கிடைக்கும்வரை தனியார் ஹாஸ்டல், தாமத வருகைக் கடிதத்தோடு. அரசு விடுதி கிடைத்தால் அதிலேயே இரண்டு வருடம் இருக்கலாம், அவசரப்பட்டு வீடு தேட வேண்டாம். கிடைக்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் கூட வேலை பார்ப்பவர்களில் ஒருத்தியைப் பிடித்து ரயில் பாதையோரம் பங்கு வீடு. அதுவரை மாதம் ஐயாயிரம் தனியாக எடுத்து வைத்தால் அட்வான்ஸுக்கு ஆயிற்று. நான் பார்த்த ஒரு திட்டத்தில் சம்பளம் மூன்று மாதம் சேர்த்து வந்ததுண்டு, ஆகவே இரண்டு மாத வாடகையையாவது தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

நேற்று மறுபடியும் போன். ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள், த்ரீ ஷேரிங், கேட் பத்து மணி வரை. அண்ணனூரில் ஒரு வீடு காலியாகப் போகிறது என்று அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாளாம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கப் போகிறாளாம். மத்தியானம் போகாதே, சாயங்காலம் ஏழரைக்குப் போ, ஸ்டேஷனிலிருந்து தனியாக நடந்து பார், தெருவிளக்கு எரிகிறதா என்று பார், குழாயைத் திறந்து பார் என்றேன்.

"மொட்டைமாடி இருக்கான்னும் பாக்கணுமாக்கா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி கதையை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.